பெக்கி கடித்த மிளகாய்

நம் வட்டாரத்தில் எங்கள் தலைமுறைக்கு ஆங்கில நாவல் என்றாலே உள்ளுக்குள் ஒரு நடுக்கம். எழுபதுகளில் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கிய தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலை, ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில் படிப்பேன். பக்கத்துக்குப் பத்து சொல் புரியாது. பையில் லிப்கோ அகராதி.

மூன்றாம் அத்தியாயத்தில் நடுக்கம் போயிற்று. வங்காளத்தில் கலெக்டராக இருக்கும் ஜோஸின் தந்தை, பெக்கிக்குக் கறிக்குழம்பு பரிமாற வைக்கிறார். காரம் தாங்காமல் தவிப்பவளிடம் ஜோஸ் 'சில்லி' வேண்டுமா என்கிறான். பெயரைக் கேட்டு ஏதோ 'சில்'லென்ற பண்டம் என்று எண்ணிக் கடிக்கிறாள், பாவம்! 1847-48இல் மாதப் பகுதிகளாக வந்த கதை. லண்டன் பெண்ணுக்குப் புரியாத சொல், நம் காசிமேட்டுப் பிள்ளைக்குத் தெரியும். எழுதியவரும் கல்கத்தாவில் பிறந்தவர்தானே!

பின்னால் மேஜர் டாபின் நோயாளியாகச் சென்னையில் கப்பல் ஏறுகிறார். அன்று நமக்கேது துறைமுகம்? கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் போகவேண்டும். கப்பல் நிற்கும் அந்தத் திறந்த கடலுக்கு 'மெட்ராஸ் ரோட்ஸ்' என்று பெயர். நமக்குத் தெரிந்த 'ரோடு'க்குக் கடலில் வேறு பொருள்!

கட்டுமரம், சுருட்டு, மசூலா எல்லாம் ஆங்கிலத்தில் ஏறிய விதத்தை 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் பார்க்கலாம். அதைத் தொகுத்த இருவரில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் அச்சாகி வருமுன்பே, 1882இல், காலமாகிவிட்டார்.