வகுப்பறையில் திரையும் செய்முறையும்: இரண்டு இந்தியச் சோதனைகள்

முன்னுரை

கரும்பலகையும் பாடநூலும் மட்டுமே ஆசிரியருக்குத் துணையாக இருந்த வகுப்பறைக்குள் புதிய கருவிகளையும் புதிய முறைகளையும் கொண்டுவரும் முயற்சிகள் விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் பல மேற்கொள்ளப்பட்டன. அவற்றுள் 1970களில் தோன்றிய இரண்டு தனித்த கவனத்திற்குரியன. ஒன்று, செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்ப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பாடங்களை அனுப்பிய சோதனை. மற்றொன்று, எளிய பொருள்களைக் கொண்டு மாணவரே சோதனை செய்து அறிவியல் கற்ற ஹோசங்காபாத் திட்டம். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கி, மாணவரின் ஈடுபாடு எதனால் பிறக்கிறது, அதில் மொழிக்குரிய இடம் யாது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானிலிருந்து வந்த பாடம்

விக்கிரம் சாராபாயின் முயற்சியால், இந்திய அணுசக்தித் துறைக்கும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கும் இடையே 1969ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஓராண்டுக் காலத்திற்கு இந்தியாவின் பயன்பாட்டுக்குக் கிடைத்தது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 சூலை 31 வரை நடைபெற்ற இச்சோதனை 'சைட்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்கள் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் ஆன, 3 மீட்டர் விட்டமுடைய அலைவாங்கிகள் அவ்வூர்களில் நிறுவப்பட்டன. விண்வெளித் தொழில்நுட்பத்தின் உச்சமும் சிற்றூர்க் கம்பிவலையும் இவ்வாறு ஒன்றிணைந்தமை இச்சோதனையின் சிறப்பெனலாம்.

நாள்தோறும் நான்கு மணிநேர ஒளிபரப்பில் காலை ஒன்றரை மணிநேரம் 5 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அது இந்தி, கன்னடம், தெலுங்கு, ஒரியா ஆகிய நான்கு மொழிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டதால், ஒரு மொழிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 22 நிமிடங்களே. அறிவியல் கற்பிக்கும் முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கவும் இதே வசதி பயன்பட்டது. தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட கையேடுகள், நேரடிச் செயல்பாடுகள் ஆகியவற்றை இணைத்து நிகழ்ந்த அப்பயிற்சியில் சுமார் 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பங்கேற்றனர்.

நிகழ்ச்சிகளைக் கண்ட குழந்தைகளின் மொழித்திறன் வளர்ந்தது என்பதும், செய்திகளை அறியும் ஆர்வம் மிகுந்தது என்பதும் பின்னர் நிகழ்ந்த மதிப்பீடுகளில் வெளிப்பட்டன. எனினும் பள்ளியில் சேர்வோர் தொகையிலும் இடையில் நிற்போர் தொகையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. திரை குழந்தையைக் கவர்ந்தது. ஆனால் அக்குழந்தை பள்ளிக்கு வருவதையும் வராமல் நிற்பதையும் முடிவு செய்த வாழ்க்கைச் சூழலைத் திரை தொடவில்லை.

இங்கு மொழிச் சிக்கலும் கருதத்தக்கது. பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் ஒரே இந்தி வழங்கப்பட்டது. ஆனால் இராய்ப்பூர்ப் பகுதிக் குழந்தையின் வீட்டுமொழி சத்தீசுகரி. சம்பல்பூர்ப் பகுதிக் குழந்தையின் வீட்டுமொழி ஒரியாவின் திட்ட வழக்கினின்றும் பெரிதும் வேறுபட்ட சம்பல்பூரி. ஒளிபரப்பின் பரப்பு விரிய விரிய, அதன் மொழி கேட்போரின் பேச்சிலிருந்து விலகிச் செல்கிறது. ஒருவழிக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவான இடர்ப்பாடு இது.

தரையிலிருந்து எழுந்த பாடம்

சைட் தொடங்குவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1972இல், மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. கிசோர் பாரதி, இரசூலியாவிலுள்ள நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் மாநில அரசின் இசைவுடன் இதனை மேற்கொண்டன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சார்ந்த அறிவியலாளர் பலர் துணைநின்றனர். 1978இல் இத்திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபெற்றது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் இதன் பொறுப்பை ஏற்றது.

நால்வர் கொண்ட சிறு குழுவாக அமர்ந்து, கொடுக்கப்பட்ட எளிய பொருள்களைக் கொண்டு சோதனை செய்து, கண்டதைத் தம் சொற்களில் எழுதுவதே மாணவரின் பணி. 'பால் வைக்ஞானிக்' என்னும் பயிற்சிநூல் விடைகளைத் தரவில்லை, வினாக்களை எழுப்பியது. மாணவர் தமக்குத் தோன்றிய ஐயங்களைச் 'சவாலிராம்' என்னும் கற்பனைப் பெயருக்குக் கடிதமாக எழுதலாம். அவற்றுக்கு விடைகள் அனுப்பப்பட்டன. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தம் வகுப்பறைச் சிக்கல்களை விவாதித்தனர்.

இத்திட்டத்தின் ஆழமான மாற்றம் தேர்வுமுறையில் நிகழ்ந்தது. மாணவர் நூலைத் திறந்துவைத்துத் தேர்வெழுத இசைவு அளிக்கப்பட்டது; செய்முறைத் தேர்வும் இடம்பெற்றது. மனப்பாடத்தைச் சோதிக்கும் தேர்வு நீடிக்குமாயின், எத்துணைப் புதுமையான கற்பித்தலும் ஆண்டிறுதியில் பொருளற்றுப் போகும் என்பதை இத்திட்டத்தார் நன்குணர்ந்திருந்தனர். மேலும், தான் கண்டதைத் தானே எழுதும் மாணவன் அறிவியலுடன் மொழியையும் கற்கிறான். நோக்கல், ஒப்பிடல், காரணம் கூறல் ஆகியன அறிவியற் செயல்கள் மட்டுமல்ல. உரைநடையின் அடிப்படைச் செயல்களும் ஆகும்.

இரு முடிவுகள்

இரு முயற்சிகளும் வகுப்பறைக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுகளால் நின்றன. உடன்பாட்டுக் காலம் முடிந்ததும் செயற்கைக்கோள் இந்திய வானினின்றும் அகற்றப்பட்டது. ஊர்களிலிருந்த பெட்டிகள் அவ்வொளிபரப்பை இழந்தன. முப்பதாண்டுகள் நடைபெற்ற ஹோசங்காபாத் திட்டத்தை மாநில அரசு 2002இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் இரண்டும் தடமின்றி மறையவில்லை. சைட் தந்த பட்டறிவு, 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி வழியாக வளர்ந்த கல்வி ஒளிபரப்புக்கும், 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளுக்கும் முன்னோடியாயிற்று. ஹோசங்காபாத்தில் உருவான பயிற்சிநூல்களும் ஆசிரியர் பயிற்சி முறையும் பிற இடங்களிலும் செயல்வழிக் கற்றலை விரும்பியோர்க்கு எடுத்துக்காட்டாயின.

முடிவுரை

கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட 2020இல், ஒன்று முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்கு வகுப்புக்கொன்றாகத் தொலைக்காட்சி அலைவரிசைகள் அறிவிக்கப்பட்டன. 1975இன் வினாக்களே அப்போதும் எழுந்தன: பாடம் எம்மொழியில் வருகிறது? குழந்தை மறுமொழி கூற வழியுண்டா? அருகிலிருக்கும் ஆசிரியரின் பங்கு யாது? தேர்வு எதனை அளக்கிறது?

சைட் கவர்ச்சியையும் பரப்பையும் அளித்தது. மறுமொழிக்கு வழி தரவில்லை. ஹோசங்காபாத் மறுமொழிக்கு வழி தந்தது. ஆயின் அதற்குப் பயிற்சியும் பொறுமையும் அரசின் நீடித்த ஆதரவும் தேவைப்பட்டன. கருவியின் புதுமையால் பிறக்கும் ஈடுபாடு கருவி பழகியதும் குறையக்கூடும். குழந்தையின் வினாவுக்கு இடமளிக்கும் வகுப்பறையில் பிறக்கும் ஈடுபாடே நிலைபெறுகிறது. புதிய கருவியை வகுப்பறைக்குக் கொண்டுவருவோர், அதனுடன் ஆசிரியர் பயிற்சி, தேர்வுமுறை, குழந்தையின் மொழி ஆகிய மூன்றையும் ஒருசேரத் திட்டமிட வேண்டும் என்பதே இவ்விரு சோதனைகளின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.