கோவிந்தராஜன் பத்மநாபன்

கோவிந்தராஜன் பத்மநாபன் (பிறப்பு: 20 மார்ச் 1938) உயிர்வேதியியலாளர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக 1994 முதல் 1998 வரை பணியாற்றியவர். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்னும் மூலக்கூறு உயிரணுவை எப்படி இயக்குகிறது, எப்போது அதற்கே நஞ்சாகிறது என்பதே அரை நூற்றாண்டாக அவருடைய ஆய்வின் மையம். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு (1983), பத்மஸ்ரீ (1991), பத்மபூஷண் (2003) ஆகியவற்றைப் பெற்றவர்.

பெங்களூருவில் பள்ளிப் படிப்பை முடித்தார். பொறியாளர்கள் மிகுந்த குடும்பம் என்பதால் முதலில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு மனதுக்கு ஒட்டவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியலும் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண் வேதியியலும் படித்துவிட்டு, 1966இல் இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அங்கேயே ஆசிரியராகத் தங்கிவிட்டார்.

மரபணுக்கள் தேவைக்கேற்ப விழிப்பதையும் அடங்குவதையும் பாக்டீரியாவில் விளக்கிய ஜேக்கப், மோனோ இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 1965இல். விலங்குகளின் உயிரணுவில் அது எப்படி நடக்கிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. பத்மநாபன் அதை எலியின் கல்லீரலில் தேடினார். மருந்தோ நச்சோ உள்ளே வந்தால், அதைச் சிதைத்து வெளியேற்றக் கல்லீரல் சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிகளைப் பெருக்குகிறது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் பீனோபார்பிட்டோன் இதற்கு நல்ல தூண்டுகோல். இந்த நொதி வேலை செய்யப் புரதப் பகுதியோடு ஹீமும் சேர வேண்டும். இரண்டும் தனித்தனியே தயாராகின்றன. ஒன்றின் அளவு மற்றொன்றுக்கு எப்படித் தெரிகிறது?

ஹீம் தயாரிப்பின் முதல் நொதி கட்டுப்படும் விதத்துக்கு 1973இல் அவர் குழு ஒரு மாதிரியை முன்வைத்தது. கோபால்ட் குளோரைடு போன்றவற்றால் ஹீம் உற்பத்தியைத் தடுத்துப் பார்த்தபோது, பி-450 புரதத்துக்கான தூதுவ ஆர்.என்.ஏவும் குறைந்தது. ஹீம் வெறும் உதிரி உறுப்பு அல்ல, மரபணுவைத் தூண்டிவிடும் சமிக்ஞையும்கூட என்ற முடிவுக்கு 1980களின் இறுதியில் வந்தார்கள். இதை வேறு சில ஆய்வகங்கள் ஏற்கவில்லை. பீனோபார்பிட்டோனின் கட்டளையை மரபணுவுக்கு எடுத்துச் செல்லும் முக்கிய ஏற்பி வேறொன்று என்று 1990களின் பிற்பகுதியில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் இந்திய ஆய்வகமொன்று விலங்கு மரபணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றைக் கட்டுப்படுத்தும் பகுதிகளை அந்தக் காலத்திலேயே அலசியது பெரிய காரியம். அங்கே பயின்ற எம்.ஆர்.எஸ். ராவ் பின்னாளில் குரோமாட்டின் ஆய்வில் பெயர் பெற்றார்.

அவருடைய ஆய்வில் அதிகம் பேசப்பட வேண்டியது மலேரியாதான். மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அப்போது வெளிப்படும் ஹீம் அதற்கே நஞ்சு. அதைப் படிகமாக்கி ஓரத்தில் ஒதுக்கித் தப்பிக்கிறது. மலேரியா மருந்தான குளோரோகுயின் இந்தப் படிகமாக்கலைத் தடுக்க, தேங்கும் ஹீமால் ஒட்டுண்ணி மடிகிறது. இவ்வளவு ஹீம் சுற்றிலும் கிடக்க, ஒட்டுண்ணி தனக்கென ஹீமைத் தானே தயாரிக்கிறது என்று 1992இல் நமிதா சுரோலியாவும் பத்மநாபனும் கண்டறிந்தார்கள். அந்தப் பாதையை அடைத்தால் ஒட்டுண்ணியை வீழ்த்தலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அதற்கு வேண்டிய ஒரு நொதியை அது மனிதச் சிவப்பணுவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்பது அடுத்து வந்த வியப்பு.

2013இல் கதை திரும்பியது. ஹீம் தயாரிக்கும் மரபணுவை நீக்கிய பிறகும் எலியின் ரத்தத்தில் ஒட்டுண்ணி வளர்ந்தது. கொசுவின் உடலிலும் கல்லீரல் கட்டத்திலும்தான் அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எனவே இந்தப் பாதையைத் தடுக்கும் மருந்து, நோய் பரவுவதைத் தடுக்கும் கருவியாகலாம் என்ற புதிய திசை கிடைத்தது. தம் குழுவின் பழைய கணிப்பைத் தம் குழுவே திருத்திய இந்த ஆய்வு வெளியானபோது அவருக்கு 75 வயது.

இதற்கிடையே மஞ்சளின் குர்குமினையும் அவர் சோதித்தார். மலேரியா தொற்றிய எலிகளுக்கு ஆர்டீத்தர் என்னும் மலேரியா மருந்தை ஒருமுறை ஊசியாகப் போட்டு, மூன்று முறை குர்குமினை வாய்வழி கொடுத்தபோது நோய் திரும்பவில்லை என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. எலியில் கண்ட பலனை மனித மருத்துவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குர்குமின் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

2022இல் மலேரியா ஒட்டுண்ணியின் ஹீம் தயாரிப்பு மூளையைத் தாக்கும் மலேரியாவைத் தீவிரமாக்குகிறது என்று அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். படர்தாமரைக்குக் கொடுக்கப்படும் கிரிசியோஃபல்வின் மாத்திரை ஹீம் தயாரிப்பைத் தடுக்கக்கூடியது. அதே மருந்து எலிகளை அந்தத் தீவிர மலேரியாவிலிருந்து காத்தது.