மன்கட், வினூ

வினூ மன்கட் (12 ஏப்ரல் 1917 – 21 ஆகஸ்ட் 1978) இந்தியாவுக்காக 44 டெஸ்ட் போட்டிகளில் ஆடிய கிரிக்கெட் ஆல்ரவுண்டர் ஆவார். மட்டையடி, பந்துவீச்சு ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்றை மட்டும் கொண்டே அணியில் இடம்பெறத் தக்க ஆட்டக்காரரை ஆல்ரவுண்டர் என்பர். வலக்கை மட்டையாளராகவும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராகவும் விளங்கிய மன்கட், டெஸ்ட் போட்டிகளில் 5 சதங்களுடன் 2,109 ஓட்டங்களும் 162 விக்கெட்டுகளும் எடுத்தார். கபில் தேவ் தோன்றும்வரை இந்தியாவில் இவருக்கு இணையான ஆல்ரவுண்டர் இருந்ததில்லை. இவரது முழுப்பெயர் முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட்.

நவாநகர்ப் பின்னணி

மன்கட் பிறந்த ஜாம்நகர், இன்றைய குஜராத் மாநிலத்தின் கத்தியவார் தீபகற்பத்தில் உள்ளது. அக்காலத்தில் அது நவாநகர் சமஸ்தானத்தின் தலைநகராக இருந்தது. அச்சமஸ்தானத்தை 1907 முதல் 1933 வரை ஆண்ட ரஞ்சித்சிங்ஜி, அரியணை ஏறுவதற்கு முன்பே இங்கிலாந்து அணிக்காக 15 டெஸ்ட் போட்டிகளில் ஆடிப் பெரும்புகழ் ஈட்டியவர். இந்திய மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய அண்ணன் தம்பி வழி மகனான துலீப்சிங்ஜியும் இங்கிலாந்துக்காகவே ஆடினார். இவ்விருவரும் இந்திய அணிக்காக ஆடவில்லையாயினும், அரண்மனையின் ஆதரவால் ஜாம்நகரில் வேரூன்றிய கிரிக்கெட் பழக்கம் சாதாரணக் குடும்பத்துச் சிறுவர்களையும் எட்டியது. அச்சிறுவர்களுள் தலைசிறந்தவர் மன்கட்.

ரஞ்சித்சிங்ஜிக்குப் பின் பட்டத்துக்கு வந்த திக்விஜய்சிங்ஜி, சமஸ்தானத்துக்கெனத் தனி அணியைக் கட்டியெழுப்பினார். வேகப்பந்து வீச்சாளரான அமர் சிங் அவ்வணிக்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்ட அணியில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த பெர்ட் வென்ஸ்லி பயிற்சியாளராக வரவழைக்கப்பட்டார். ஊதியம் பெற்று ஆடுவோரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்றும், பொழுதுபோக்காக ஆடுவோரை அமெச்சூர் என்றும் பிரித்துப் பார்த்த காலம் அது. பிற்காலத்தில் மன்கட்டும் ஊதியம் பெற்று ஆடுவதை மறைக்காதவராகவே இருந்தார்.

வென்ஸ்லியின் கண்ணில் பட்டபோது மன்கட் சற்று வேகமாகப் பந்து வீசிவந்தார். அவருடைய விரல்களின் வலிமையைக் கண்ட வென்ஸ்லி, வேகத்தைக் கைவிட்டு மெதுவான சுழற்பந்துக்கு மாறும்படி வழிகாட்டினார். இவ்வகைப் பந்துவீச்சில், இடக்கை வீச்சாளர் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் பந்தைத் திருகி விடுவார். தரையில் குத்திய பந்து, வலக்கை மட்டையாளரின் மட்டையைவிட்டு வெளிப்புறமாக விலகிச் செல்லும். மன்கட் இதனோடு திரும்பாமல் நேரே வரும் பந்து ஒன்றையும் கைவசம் வைத்திருந்தார். கையசைவில் வேறுபாடு தெரியாதவாறு வீசப்படும் அப்பந்து, வெளியே திரும்பும் என்று எதிர்பார்த்து ஆடுவோரை ஏமாற்றிக் காலிலோ ஸ்டம்பிலோ சென்று படும். மட்டையடியில் துலீப்சிங்ஜியின் அறிவுரையும் அவருக்குக் கிடைத்தது.

முதல்தரப் போட்டிகளில் மன்கட் 1935–36 பருவத்தில் காலடி வைத்தார். மறு பருவமே நவாநகர் அணி, இறுதியாட்டத்தில் வங்காளத்தை வென்று ரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றியது. அதற்கடுத்த 1937–38 பருவ இறுதியாட்டத்தில் அவ்வணி ஐதராபாத்திடம் ஒரே ஒரு விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. அதே பருவத்தில் டென்னிசன் பிரபுவின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து வந்த அணியுடன், டெஸ்ட் தகுதி அளிக்கப்படாத ஐந்து போட்டிகள் நடைபெற்றன. அவற்றை வந்த அணி 3–2 எனக் கைப்பற்றிய போதிலும், இந்தியத் தரப்பில் மட்டையடிச் சராசரி, பந்துவீச்சுச் சராசரி ஆகிய இரண்டிலும் முதலிடம் பெற்றவர் இருபது வயது மன்கட்டே.

இத்தகைய தொடக்கத்துக்குப் பின் வந்த இரண்டாம் உலகப்போர், அவரது ஆட்டவாழ்வின் செழிப்பான ஆண்டுகளை விழுங்கிவிட்டது. போர்க்காலத்தில் இந்திய அணிக்கு ஒரு டெஸ்ட் கூட அமையவில்லை. மன்கட் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடி வந்தார். நவாநகர், மேற்கிந்திய மாநிலங்கள், மகாராஷ்டிரம், குஜராத், வங்காளம், பம்பாய், ராஜஸ்தான் எனப் பல அணிகளின் சட்டையை அவர் அணிந்ததற்கு, கிரிக்கெட்டே அவருக்குப் பிழைப்பாக இருந்தது முதன்மைக் காரணமாகும்.

டெஸ்ட் நுழைவு

மன்கட் தமது முதல் டெஸ்ட் போட்டியை 1946 ஜூனில் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியபோது அவருக்கு வயது 29. அச்சுற்றுப்பயணத்தில் முதல்தரப் போட்டிகளில் 1,120 ஓட்டங்களும் 129 விக்கெட்டுகளும் எடுத்தார். இங்கிலாந்துப் பயணம் ஒன்றில் ஆயிரம் ஓட்டங்களையும் நூறு விக்கெட்டுகளையும் ஒருசேர எடுத்த இந்தியர் இவர் ஒருவரே. இதற்காக விஸ்டன் ஆண்டுமலர் 1947ஆம் ஆண்டுக்குரிய சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களுள் ஒருவராக இவரைத் தேர்ந்தது.

பிரௌன் ஆட்டமிழப்பு

லாலா அமர்நாத் தலைமையில் இந்திய அணி 1947–48இல் ஆஸ்திரேலியா சென்றது. சிட்னியில் ஆஸ்திரேலியத் தெரிவு அணியுடன் நவம்பரில் நடந்த ஆட்டத்தில் டான் பிராட்மன் தமது நூறாவது முதல்தரச் சதத்தை அடித்தார். எனினும் மன்கட் இரண்டாம் இன்னிங்ஸில் 84 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளைச் சாய்க்க, இந்தியர் 47 ஓட்டங்களில் வென்றனர். அவ்வாட்டத்தில், பந்து வீசும் முனையில் நின்ற மட்டையாளர் பில் பிரௌன் பந்து கையைவிட்டுப் புறப்படுமுன்பே கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்குவதைக் கண்ட மன்கட், முதலில் அவரை எச்சரித்தார். அவர் மீண்டும் அவ்வாறே செய்ததும், பந்தை வீசாமல் நின்று பெயில்களைத் தட்டி அவரை ரன்அவுட் ஆக்கினார். அதே சிட்னியில் டிசம்பர் 13 அன்று, இரண்டாம் டெஸ்டின் போது பிரௌன் அதே தவறைச் செய்து அதே முறையில் வெளியேறினார்.

ஆஸ்திரேலிய ஏடுகள் சில இதைப் பெருந்தன்மையற்ற செயலென்று எழுதின. ஆயினும் எதிரணித் தலைவரான பிராட்மனே, மன்கட் செய்தது விதிக்கு உட்பட்டது என்றும் முன்னதாக ஓடுபவரே முறையற்ற ஆதாயம் தேடுகிறார் என்றும் தமது தன்வரலாற்றில் எழுதிய பின்னர் இதில் விவாதிக்க ஏதுமில்லை. இவ்வாறு ஆட்டமிழக்கச் செய்தல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வழக்கில் இருந்தது. எனினும் உலகம் அதற்கு மன்கட்டின் பெயரையே சூட்டியது. அத்தொடரின் மெல்போர்ன் டெஸ்ட்களில் லிண்ட்வால், மில்லர் ஆகியோரின் வேகப்பந்துகளை எதிர்கொண்டு அவர் அடித்த 116, 111 ஆகிய இரு சதங்கள், இவ்வாட்டமிழப்பு அளவுக்குப் பேசப்படுவதில்லை.

சென்னை வெற்றி, 1952

இருபது ஆண்டுகளில் 24 டெஸ்ட்கள் ஆடியும் வெற்றி காணாதிருந்த இந்தியா, தனது 25ஆம் டெஸ்டில் முதல் வெற்றியைப் பெற்றது. 1952 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக விஜய் ஹசாரே தலைமையில் ஆடிய அப்போட்டியில், மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளும், இரண்டாம் இன்னிங்ஸில் 53 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். முதல் இன்னிங்ஸில் நால்வர் ஒரே வகையில் ஏமாந்தனர்: உயர எழுந்து தாழ்ந்த பந்தை அடிக்க அவர்கள் கோட்டைவிட்டு முன்னேற, பந்து திரும்பி மட்டையின் விளிம்பைக் கடந்து சென்றது, விக்கெட் காப்பாளர் கோகன் சென் அதைப் பற்றி, அவர்கள் காலைப் பின்னே வைக்குமுன் பெயில்களைக் கழற்றினார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடித்த அப்போட்டியில் இந்தியா ஓர் இன்னிங்ஸ், 8 ஓட்டங்களில் வென்றது. ஐந்து டெஸ்ட் கொண்ட அத்தொடரில் மன்கட் எடுத்த விக்கெட்டுகள் 34.

லார்ட்ஸ், 1952

அதே ஆண்டுக் கோடையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது மன்கட் அதில் இல்லை. லங்காஷயர் லீக்கைச் சேர்ந்த ஹாஸ்லிங்டன் கிளப் அவரை ஊதியத்துக்கு அழைத்திருந்தது; பயண அணியில் தமக்கு இடம் உறுதியானால் அதைத் தவிர்ப்பதாகக் கூறி அவர் கேட்ட உறுதிமொழியைக் கிரிக்கெட் வாரியம் தர மறுத்தது. இக்குறுகிய நோக்கின் விலையை இந்தியா லீட்ஸில் நடந்த முதல் டெஸ்டிலேயே செலுத்தியது: ட்ரூமன், பெட்சர் ஆகிய இங்கிலாந்து வீச்சாளர்களின் பந்துகளில் இரண்டாம் இன்னிங்ஸின் முதல் நான்கு விக்கெட்டுகள் ஓர் ஓட்டம்கூட எடுக்கப்படாத நிலையில் விழுந்தன. அதன் பின்னரே ஹாஸ்லிங்டன் கிளப்பின் இசைவோடு மன்கட் அழைத்துக்கொள்ளப்பட்டார்.

லார்ட்ஸில் நடந்த இரண்டாம் டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி இந்தியாவின் 235 ஓட்டங்களில் 72 எடுத்தார். இங்கிலாந்து 537 ஓட்டங்கள் குவித்தபோது 73 ஓவர்கள் வீசி 196 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். அக்களைப்போடு உடனே மட்டையைக் கையிலெடுத்து, இரண்டாம் இன்னிங்ஸின் 378 ஓட்டங்களில் 184 ஓட்டங்களைத் தாமே அடித்தார். இந்தியா 8 விக்கெட்டுகளில் தோற்றபோதும், அப்போட்டி மன்கட்டின் டெஸ்ட் என்றே இன்றும் வழங்கப்படுகிறது. லார்ட்ஸ் ஆட்டக்காரர் அறையின் சதப்பலகை, ஐந்து விக்கெட் பலகை ஆகிய இரண்டிலும் பெயர் பொறிக்கப்பட்ட வெளிநாட்டவர் மிகச் சிலர். அவருள் மன்கட் ஒருவர்.

இரட்டைச் சாதனையும் 413 ஓட்ட இணையும்

பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் போட்டி 1952 அக்டோபரில் டெல்லியில் நடந்தது. அதில் மன்கட் 52 ஓட்டங்களுக்கு 8, 79 ஓட்டங்களுக்கு 5 என 13 விக்கெட்டுகள் எடுக்க இந்தியா வென்றது. அவர் ஆடாத லக்னோ டெஸ்டில் தோற்றது. அவர் திரும்பிய பம்பாய் டெஸ்டில் மீண்டும் வென்றது. பம்பாயில் அவர் டெஸ்ட் வாழ்வின் ஆயிரம் ஓட்டங்கள், நூறு விக்கெட்டுகள் என்னும் இரட்டைச் சாதனையைத் தமது 23ஆம் போட்டியில் நிறைவு செய்தார். இயன் போத்தம் 1979இல் 21 போட்டிகளில் இதை எட்டும்வரை இதைவிட விரைவாக எவரும் எட்டியதில்லை.

நியூசிலாந்துக்கு எதிரான 1955–56 தொடரில் பம்பாயில் 223 அடித்த மன்கட், 1956 ஜனவரியில் சென்னைக் கார்ப்பரேஷன் மைதானத்தில் (இன்றைய நேரு விளையாட்டரங்கம்) 231 அடித்தார். பங்கஜ் ராயுடன் அவர் சேர்த்த முதல் விக்கெட் இணை, முதல்நாள் முழுவதும் பிரியாமல் ஆடி, மறுநாள் 413 ஓட்டங்களில் பிரிந்தது. இவ்வுலகச் சாதனையைத் தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித், நீல் மெக்கன்சி இணை 415 ஓட்டங்கள் எடுத்து முறியடிக்க 2008 வரை 52 ஆண்டுகள் ஆயின. தனிநபர் ஓட்டங்களில் இந்தியாவின் உச்சமாக நின்ற 231ஐச் சுனில் கவாஸ்கர் 1983இல் 236 ஓட்டங்கள் எடுத்துக் கடந்ததும் சென்னையிலேயே.

அணித் தலைமையும் இறுதி ஆண்டுகளும்

பாகிஸ்தானில் 1954–55இல் ஆடிய தொடரில் மன்கட் அணித்தலைவராக இருந்தார்; ஐந்து டெஸ்ட்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான 1958–59 தொடரில் உம்ரிகர், குலாம் அகமது, மன்கட், ஹேமு அதிகாரி என நால்வர் மாறி மாறித் தலைமை ஏற்றனர். மன்கட் தலைமை தாங்கிய சென்னை டெஸ்டில் இந்தியா தோற்றது. அத்தொடரின் டெல்லி ஆட்டமே அவரது கடைசி டெஸ்ட். தொடக்க இடம் முதல் பதினோராம் இடம் வரை எல்லா இடங்களிலும் மட்டையடித்த டெஸ்ட் ஆட்டக்காரர் மிகச் சிலருள் இவர் ஒருவர் என்பது, அணி எந்த இடத்தில் ஓட்டை கண்டதோ அந்த இடத்தில் இவரை வைத்து அடைத்தது என்பதற்குச் சான்றாகும். முதல்தரப் போட்டிகளில் இவர் 11,591 ஓட்டங்களும் 782 விக்கெட்டுகளும் எடுத்தார். 1973இல் பத்மபூஷண் விருது பெற்றார். மூத்த மகன் அசோக் மன்கட்டும் இந்தியாவுக்காக 22 டெஸ்ட்கள் ஆடினார்.

இன்றைய நிலை

பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான தேசிய ஒருநாள் போட்டியும் மும்பை வான்கடே மைதானத்தை ஒட்டிய சாலையும் இவர் பெயரைத் தாங்குகின்றன. 2021இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் புகழரங்கில் இவர் சேர்க்கப்பட்டார். பந்து வீசும் முனை ரன்அவுட், ரவிச்சந்திரன் அஸ்வின் 2019 ஐபிஎல் போட்டியில் ஜாஸ் பட்லரை அவ்வாறு வெளியேற்றியபோது மீண்டும் சர்ச்சையாகி, 2022 அக்டோபர் முதல் முறையற்ற ஆட்டம் பற்றிய விதியிலிருந்து பொதுவான ரன்அவுட் விதிக்கு மாற்றப்பட்டது. ஜாம்நகரில் இடக்கைச் சுழல் மரபு ரவீந்திர ஜடேஜா வழியாகத் தொடர்கிறது.