சாவி கொடுத்த வருஷம்

பக்கத்து பிளாக் மாமா தன்னோட டிடிஏ ஃப்ளாட்டை விற்றுவிட்டு மதுரைப் பக்கம் போய் செட்டில் ஆகலாம்னு இருக்கார். வாங்க வந்தவர் தெரிஞ்ச மனுஷன்தான். ஆனா கையில் பாதிப் பணம்தான் இருக்கு. மீதியை மூணு வருஷத் தவணையில் வட்டியோட தர்றேன், குடிவர்றது மட்டும் உடனேன்னு கேட்கிறார்.

"ஏம்ப்பா, தவணை வர வர டாக்ஸ் கட்டினா போதும்தானே?"

"இல்லை மாமா. ரிஜிஸ்டர் பண்ணி சாவியைக் கொடுத்துட்டா அந்த வருஷமே முழு லாபத்துக்கும் கட்டணும். வட்டிக்குத் தனியா வேற."

"வராத காசுக்கா?"

வராத காசுக்குத்தான். அமெரிக்காவில் தவணை வர வர லாபத்தைப் பிரித்துக் காட்ட சட்டத்திலேயே வழி உண்டு. இங்கே இல்லை. இது இப்படி ஆனதில் தில்லிக்கும் பங்கு இருக்கு.

மூலதன ஆதாய வரியை முதலில் கொண்டுவந்தது 1947 பட்ஜெட்டில் லியாகத் அலி கான் (ஆமாம், பின்னால் பாகிஸ்தான் பிரதமரான அவரேதான்). சீக்கிரமே அதைக் கைவிட்டார்கள். 1956-ல் நம்ம டி.டி.கே. நிதியமைச்சரா இருந்தப்ப, கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் கால்டார் யோசனைப்படி திரும்ப வந்தது. காசு எப்ப வந்ததுன்னு அது கேட்காது. சொத்து எந்த வருஷம் கைமாறியதோ அந்த வருஷம்தான் கணக்கு.

கைமாறியதுன்னா? பத்திரம் பதிவானாத்தான். தில்லிக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். இங்கே டிடிஏ கொடுத்ததெல்லாம் குத்தகை நிலம். விற்க அனுமதி வாங்கணும், மனைன்னா விலை ஏற்றத்தில் பாதியை அரசுக்கு அழணும். அதனால் ஒரு பவர் ஆஃப் அட்டர்னி, ஒரு அக்ரிமெண்ட், ஒரு உயில், மூணு காகிதத்தில் வீடு போயிடும். காசு, சாவி எல்லாம் கைமாறும், பத்திரம் மட்டும் கிடையாது. பத்திரம் இல்லைன்னா வரியும் இல்லை! காலனி காலனியா இப்படித்தான் கைமாறின.

அரசு சும்மா இருக்குமா? 1986 அக்டோபர் முதல் தில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸில் 10 லட்சத்துக்கு மேல் விற்றால், விலை குறைவாத் தெரிஞ்சா வருமான வரித்துறையே வாங்கிக்கொள்ளலாம்னு சட்டம் வந்தது. தவணையில் விற்றால் பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு 8 சதவீதம் கழித்துத்தான் விலையைக் கணக்குப் போடுவார்கள். நாளைய ரூபாய் இன்றைய ரூபாய் ஆகாதுன்னு துறைக்கு அங்கே மட்டும் நல்லாப் புரிஞ்சிருந்தது :-) சி.பி. கௌதம் வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம், ஆளைக் கூப்பிட்டு விசாரிக்காமல் இப்படி எடுக்கக்கூடாதுன்னு சொன்னது. 2002-ல் அந்த ஏற்பாடே போய்விட்டது.

நிலைத்து நின்றது 1987 திருத்தம். சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஏ பிரிவு, பணம் கொடுத்துக் குடிவந்த வாங்குபவரைக் காப்பாற்ற 1929-ல் சேர்த்தது. அதையே வரித்துறை கடன் வாங்கி, அப்படி அனுபோகம் கொடுத்தாலே கைமாற்றம்தான்னு ஆக்கிவிட்டது. 1988 ஏப்ரல் 1 முதல் அமல்.

2001-ல் அந்த 53ஏ பாதுகாப்புக்கு ஒப்பந்தம் பதிவாகி இருக்கணும்னு மாற்றினார்கள். 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில், பவர் ஆஃப் அட்டர்னி விற்பனையால் உரிமை மாறாதுன்னு உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. 2017-ல் பல்பீர் சிங் மைனி வழக்கு. சண்டிகர் பக்கம் கன்சால் கிராமத்தில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் 21.2 ஏக்கர், 106 கோடிக்கு மேல் பேச்சு, பணம் தவணையில். அனுமதி கிடைக்காமல் திட்டம் நின்றது, பாதியில் தவணையும் நின்றது. வரித்துறை முழுத் தொகைக்கும் வரி கேட்டது. ஒப்பந்தம் பதிவாகவில்லை, அதனால் அது கைமாற்றமே இல்லை. வராத, வர உரிமையும் இல்லாத பணம் வருமானமும் இல்லைன்னு தீர்ப்பு.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப பதிவு பண்ணாம சாவியைக் கொடுத்துடலாமே!"

"கொடுத்துட்டு, அவர் தவணையை நிறுத்தினா வீட்டைக் காலி பண்ண வைக்க எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைவீங்க?"

பேசவில்லை. பத்திரம் எழுதிக் கொடுத்தபின் பாக்கி நின்றால், அந்த வீட்டின் மேலேயே விற்றவருக்குப் பாத்தியதை உண்டுன்னு 1882 சட்டத்தின் 55-வது பிரிவு சொல்லும். அதை வசூலிக்கவும் வழக்குதான். வரி விலக்குக்காக வேறு வீடு வாங்க இரண்டு வருஷம், கட்ட மூணு வருஷம்ங்கிற கெடுவும் கைமாறிய நாளிலிருந்தே ஓடும், கடைசித் தவணையிலிருந்து இல்லை.

இந்த ஃப்ளாட்டை மாமா வாங்கியதே டிடிஏகிட்ட ஹயர் பர்ச்சேஸில், மாசத் தவணை கட்டித்தான். "அவன் கடைசித் தவணை கட்டினப்புறம்தானே எனக்குப் பத்திரம் கொடுத்தான்" என்றார்.

நேற்று வந்தவரிடம் பேங்க் லோன் போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். சாவி இன்னும் மாமாகிட்டதான் இருக்கு.