கடல்கடந்த புகலிடம்: பிரித்தானியச் சிறார் வெளியேற்றத் திட்டம், 1940

1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தபின் ஜெர்மானியப் படையெடுப்பு பிரித்தானியாவை அச்சுறுத்தியது. வசதி படைத்தோர் தம் பிள்ளைகளைத் தம் செலவிலேயே அயல்நாடுகளுக்கு அனுப்பினர். அவ்வாய்ப்பை ஏனையோர்க்கும் அளிக்க, ஜெஃப்ரி ஷேக்ஸ்பியர் தலைமையில் அரசு ஒரு வாரியத்தை அமைத்தது. சில வாரங்களிலேயே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறார்க்கு விண்ணப்பங்கள் குவிந்தன. பிரதமர் சர்ச்சில் இத்திட்டத்தை விரும்பவில்லை. பெருமளவிலான வெளியேற்றம் தோல்வி மனப்பான்மையை வளர்க்கும் என அவர் கருதினார்.

ஆகஸ்டு 30 அன்று வோலண்டாம் கப்பல் தாக்குண்டபோது சிறார் அனைவரும் மீட்கப்பட்டனர். ஆயினும் செப்டம்பர் 17 இரவு, கனடா நோக்கிச் சென்ற ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ அட்லாண்டிக்கில் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. காவற்கப்பல் அன்றே முன்னதாகப் பிரிந்து சென்றிருந்தது. வாரியம் அனுப்பிய 90 சிறாருள் 77 பேர் மாண்டனர். அக்கப்பலில் பணியாற்றிய இந்திய மாலுமிகள் பலரும் உயிரிழந்தனர். எட்டு நாள் கடலில் அலைந்த ஒரு படகில் ஆறு சிறுவர்களோடு அம்மாலுமிகளும் இருந்தனர்.

இதனோடு திட்டம் நிறுத்தப்பட்டது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டோர் 2,664 பேரே. குடும்பங்கள் தாமே அனுப்பியபோது பயண ஆபத்து பெற்றோரின் முடிவாக இருந்தது. அரசு தேர்ந்தெடுத்து அனுப்பியபோதோ அது அரசின் பொறுப்பாயிற்று. வாய்ப்பைச் சமமாக்க முயன்ற அரசால் கடற்பயணத்தின் பாதுகாப்பை உறுதிசெய்ய இயலவில்லை. தாயகத்தில் தங்கிய சிறாரும் குண்டுவீச்சுக்கு இரையாயினர். ஆதலின் இத்திட்டத்தின் முடிவைப் பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் இடைப்பட்ட தேர்வாக அன்றி, இருவகை ஆபத்துகளுக்கு இடைப்பட்ட தேர்வாகவே மதிப்பிடல் பொருந்தும்.