தீவகப் புகையிலையும் சுங்கச் சாவடியும்

2017ஆம் ஆண்டிலே நம் நாட்டில் எழுந்த மிளகு விவகாரம் வரலாறு பயிலும் மாணாக்கர் கருத்தூன்றி நோக்கத்தக்கதொன்று. 1998ஆம் ஆண்டு திசெம்பரில் கைச்சாத்தான இந்திய இலங்கைச் சுதந்திர வாணிக உடன்படிக்கையின்படி, இலங்கையில் விளைந்த மிளகில் ஆண்டுக்கு 2,500 தொன் சுங்கவரியின்றி இந்தியாவுக்குட் செல்லலாம். இச்சலுகையைக் கண்ட சில வணிகர், வியட்நாமிலிருந்து மலிவான மிளகை இறக்கி, இலங்கை விளைபொருள் என்னும் சான்றிதழோடு மறு ஏற்றுமதி செய்கின்றனர் என்ற குற்றச்சாட்டு இரு நாட்டு மிளகுச் செய்கையாளரிடத்தும் எழுந்தது. அவ்வாண்டு திசெம்பரில் மறு ஏற்றுமதிக்கான மிளகு இறக்குமதியை இலங்கை அரசாங்கம் தடைசெய்தது. இந்திய அரசாங்கமோ கிலோ ஒன்றுக்கு 500 ரூபாவுக்குக் குறைந்த மிளகை இறக்கவொட்டாது விலை எல்லை வகுத்தது. சான்றிதழ் வழங்கும் மேசையிலே தவறு நிகழ, விலைவீழ்ச்சியைச் சுமந்தவன் மாத்தளையிலும் கண்டியிலும் கொடி வளர்த்த உழவனாவான்.

இவ்வகை விவகாரம் நமக்குப் புதிதன்று. விளைபொருள் கடல் கடக்கும் துறையில் அரசாங்கம் முத்திரையோடு நிற்குங்கால், அம்முத்திரை யாருக்குப் பயன்படுகின்றது என்ற வினாவை நம் தீவகம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டது. யாழ்ப்பாண வரலாறெழுதப் புகுந்தோர் கோட்டைகளையும் போர்களையும் விரித்தெழுதிய அளவிற் சுங்கச் சாவடியை எழுதினாரல்லர். எனினும் உழவன் வாழ்வைக் கோட்டையினும் மிகுதியாகத் தொட்டது சாவடியே.

ஊர்காவற்றுறை என்னும் பெயரே காவலைக் குறிக்கின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் இத்துறை யானை ஏற்றுமதியாற் பேர்பெற்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் எனவும், காரைதீவு அம்ஸ்டர்டாம் எனவும், நயினாதீவு ஹார்லம் எனவும், புங்குடுதீவு மிடில்பர்க் எனவும் அவர்தம் ஏடுகளில் வழங்கின. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயர் மாத்திரம் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்துள்ளது. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையின் காவலைத் தாண்டாது தோணி ஒன்றும் வெளிச்செல்லல் அரிது. கொம்பனியார் தந்த பயணச் சீட்டின்றிச் சரக்கேற்றல் குற்றமாயிற்று.

ஆயினும் சீட்டெழுதிய கைகள் தூயவையல்ல. கொம்பனி உத்தியோகத்தருக்குச் சம்பளம் அற்பம். மறைவாகச் செய்யும் சொந்த வாணிகத்தில் இலாபமோ பெரிது. இக்கேடு ஒல்லாந்து வரை நாறியமையால், 1684இல் ஹென்றிக் வான் றீடே என்பாரை விசாரணைக்கென ஆணையாளராக நியமித்தனர். மலையாளத்து மூலிகைகளைப் பற்றிய பன்னிரு பாகங் கொண்ட பெருநூலாற் புகழ்பெற்றவர் இவரே. நன்னம்பிக்கை முனை, இலங்கை, வங்காளம், சோழமண்டலம், மலையாளக்கரை எனச் சென்ற இடந்தோறும் கணக்குகளை ஆராய்ந்து வந்த அவர், 1691ஆம் ஆண்டு திசெம்பரிற் சூரத்துக்குச் செல்லும் வழியிற் கப்பலிலேயே இறந்தார். அவருடைய செயலாளராயிருந்த ஸ்வார்தகுறூன் பின்னர் யாழ்ப்பாணக் கொமாந்தராகி, 1697இல் எழுதிவைத்த நீண்ட அறிக்கையில் வான் றீடேயின் கட்டளைகளைப் பலகாலும் எடுத்தோதுகின்றார். சுதேசப் பதவிகளை ஒரு சாராரே கைப்பற்றி வைத்திருப்பதையும் அதனால் ஏனையோர் படும் இடரையும் அவர் மறைக்கவில்லை. விசாரணை நேர்மையாகவே நிகழ்ந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அது காத்தது கொம்பனியின் இலாபத்தை. உழவனுக்கு என்ன விலை கிடைத்தது என்பது அவ்விசாரணையின் நோக்கத்துள் அடங்கியதன்று.

அவ்வுழவன் வளர்த்த பணப்பயிருள் தலையாயது புகையிலை. நெடுந்தீவும் நயினாதீவும் பனையையும் மேய்ச்சலையும் கடலையுமே பெரிதும் நம்பியவை. வேலணைப் பகுதியோ தோட்டச் செய்கைக்கும் இடந்தந்தது. ஆட்டுப்பட்டி அடைத்து, குழையைத் தாழ்த்து, மண்ணை வளப்படுத்தி, நாற்று நட்டபின், துலாமிதித்து இறைத்த நீரே பயிரை வாழ்வித்தது. அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கிணறு உவராகிவிடும் தீவு மண் அது. தலை முறித்து, கெட்டு முறித்து, இலை முற்றியபின் வெட்டி, குடிலிலே புகைபோட்டு, சிப்பமாகக் கட்டும் வரை வீட்டார் அனைவரும் உழைத்தனர். இத்துணை உழைப்பும் கடலுக்கு அப்பால் ஒரு சந்தையை நம்பியது. மலையாள நாட்டார் வெற்றிலையோடு மெல்லுதற்கு யாழ்ப்பாணப் புகையிலையையே விரும்பினர்.

இடர்ப்பாடு அங்கேதான் தொடங்கிற்று. திருவிதாங்கூரிற் புகையிலை அரசாங்கத்தின் ஏகபோகம். சர்க்காரே வாங்கிப் பண்டகசாலையில் அடைத்து, பன்மடங்கு விலைக்குக் குடிகளுக்கு விற்றது. விற்பவர் பலராகவும் வாங்குபவன் ஒருவனாகவும் இருக்கும் சந்தையில், விலையை யார் கூறுவர் என்பதை விளக்கவேண்டியதில்லை. முற்பணம் வாங்கிய தோட்டக்காரனுக்கோ, விலை குறைவென்று சிப்பத்தைத் திருப்பிக் கொண்டுவரவும் வழியில்லை.

அச்சர்க்கார் எவ்வாறு இயங்கியது என்பதற்கு 1799ஆம் ஆண்டு ஓர் எடுத்துக்காட்டு. திவான் கேசவதாசருக்குப் பின் செயந்தன் சங்கரன் நம்பூதிரியும், சங்கரநாராயணன் செட்டியும், மாத்துத் தரகனும் அதிகாரத்தைக் கைக்கொண்டு, செல்வர்களிடம் பணத்தைக் கட்டாயமாக அறவிட்டனர். குடிகள் வேலுத்தம்பியின் தலைமையில் திரண்டு கிளர்ந்தனர். செயந்தனை நாடு கடத்துதலும் உப்பு வரியை ஒழித்தலும் அவர்தம் கோரிக்கைகளுள் அடங்கும். கிளர்ச்சி வென்றபின் வேலுத்தம்பி ஏற்ற பதவி வணிக அமைச்சர் பதவியாகும். மிளகு வாணிகம் அரசின் உயிர்நாடியாயிருந்தமையால், அப்பதவிக்கு மிளகின் பேராலேயே பெயர் வழங்கிற்று. ஆட்கள் மாறினர், ஏகபோகம் மாறவில்லை. ஊழல் செய்தாரைத் துரத்தியதோடு அமைந்து, ஊழலுக்கு இடந்தந்த ஒற்றை வாயிலை அகலத் திறவாது விட்டமை அக்கிளர்ச்சியின் குறை என்பது எம் கருத்து.

யாழ்ப்பாணத்தை 1795இற் கைப்பற்றிய ஆங்கிலேயர் இதற்குக் கண்ட பரிகாரம் விந்தையானது. இலங்கைச் சுங்கத்தில் தலைமை உத்தியோகம் வகித்த பெர்த்தொலாச்சி, 1817இல் வெளியிட்ட நூலில் இப்புகையிலை வாணிகத்தை விரிவாக ஆராய்கின்றார். திருவிதாங்கூரின் ஒற்றைக் கொள்வோனுக்கு எதிராக, இங்கும் அரசாங்கமே ஒற்றை விற்போனாக நின்றாற் போயிற்று என்பது அக்கால ஆட்சியாளர் கணக்கு. இரண்டு ஏகபோகங்கள் கடலின் இருகரையிலும் நின்று பேரம் பேசின. நடுவிலே தோட்டக்காரன் நசுங்கினான். பின்னர் அம்முறை கைவிடப்பட்டது.

திருவிதாங்கூரில் விலை உயர உயரக் கள்ளக் கடத்தல் பெருகிற்று. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புகையிலை மலைவழியே நுழைந்தது. அதைத் தடுக்க அமர்த்திய சேவகர் குடிகளின் வீடு புகுந்து சோதித்தல் தனியொரு கொடுமையாயிற்று. திவான் மாதவராயர் 1863இல் ஏகபோகத்தை ஒழித்து, வரி செலுத்திய எவரும் புகையிலையை இறக்கலாம் என விதித்தார். காவலரைப் பெருக்கியதினும் இதுவே பயனுடைத்தாயிற்று. நூறாண்டுக்காலக் கண்காணிப்புச் செய்யாததை ஒரு கதவைத் திறந்தமை செய்தது என்க. யாழ்ப்பாண வணிகருக்கும் அப்போதுதான் மூச்சுவிட இடங்கிடைத்தது.

எனினும் வணிகருக்குக் கிடைத்த இடம் முழுவதும் உழவனை வந்தடையவில்லை. தரகர் நிறையிலும் தரத்திலும் தம் விருப்பப்படி கழித்தனர். இக்குறையை அரசாங்கத்தினிடம் முறையிட்டுப் பயனில்லை எனக் கண்ட செய்கையாளர், 1930களில் யாழ்ப்பாண மலையாளப் புகையிலை ஐக்கிய வியாபாரச் சங்கத்தின் வழியே தாமே சேர்த்து, தாமே நிறுத்து, தாமே அனுப்பத் தலைப்பட்டனர். நிறைகோலைப் பிடிப்பவன் தன் ஊரானாகவும், கணக்கைக் கேட்கும் உரிமை தனக்குண்டாகவும் இருப்பதை நம் தோட்டக்காரன் முதன்முறையாகக் கண்டான். கண்காணிப்பு என்னும் சொல்லுக்கு அவன் அறிந்த நல்ல பொருள் இதுவொன்றே.

அந்நிலை நெடிது நிற்கவில்லை. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது. முன்னே திருவனந்தபுரத்திற் பேசித் தீர்த்த வரி, பின்னே புதுதில்லியில் முடிவாயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலும் வரிகளாலும் மலையாளச் சந்தை படிப்படியாகக் கைநழுவ, யாழ்ப்பாணப் புகையிலை பெரும்பாலும் சுருட்டுக்கென உள்நாட்டிலேயே விலைப்படலாயிற்று. சங்கம் மாத்திரம், சந்தை சுருங்கிய பின்னரும், மலையாளப் புகையிலைச் சங்கம் என்றே வழங்கப்பட்டு வந்தது.