பொன் விளைந்த மலைச்சரிவில் வெண்கலப் பலகைகள்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரத்தை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலைக்கு 49 என்று எண். 1849இல் பொன் தேடி அங்கே குவிந்தவர்களின் நினைவாக இடப்பட்ட எண் அது. மாரிபோசா, கலவெராஸ், அமடோர், எல் டொராடோ எனச் சிற்றூர்கள் நிறைந்த மாவட்டங்களைத் தொடுத்துச் செல்லும் அச்சாலையின் ஓரங்களில், கல் மேடைகளில் பதித்த வெண்கலப் பலகைகளை அடிக்கடி காணலாம். சில இடங்களில் ஊரே மறைந்துவிட்டது. அங்கே ஓர் ஊர் இருந்ததற்குப் பலகை ஒன்றே சாட்சி. 1930களின் தொடக்கத்தில் மாநில அரசு இத்தகைய இடங்களுக்கு எண் கொடுத்துப் பதியத் தொடங்கியது. அந்த எண்கள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ‘ஈ கிளாம்பஸ் வைட்டஸ்’ என்ற பழைய சுரங்கத் தொழிலாளர் சங்கமும் 1930களில் புத்துயிர் பெற்று, தன் செலவில் பல பலகைகளை நட்டிருக்கிறது.

எண் பெற்ற இந்த இடங்களில் தலையாயது கொலோமா. 1848 ஜனவரி 24 அன்று, ஜான் சட்டருக்காக மர அறுவை ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில் ஆலை நீர் வடியும் கால்வாயில் பொன் துகள்களைக் கண்டார். அந்தப் பொன்னால் அவர் வாழவில்லை. சட்டமன்றம் 1872இல் அளித்த உதவித்தொகையும் 1878இல் நின்றுபோனது. 1885இல் வறுமையிலேயே இறந்தார். ஐந்தே ஆண்டுகளில், 1890இல், அதே அரசு அவருக்குச் சிலை எழுப்பியது. பொன் கிடைத்த இடத்தை நோக்கிக் கைநீட்டி நிற்கும் அச்சிலை இன்று மாநிலப் பட்டியலில் 143ஆம் எண் சின்னம்.

ஆனால் அந்தக் கை சுட்டும் நிலம், பொன் கிடைக்கும் முன்பே நிசெனான் பழங்குடி மக்களின் வாழிடம். 1846இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சமாக இருந்த கலிபோர்னியப் பழங்குடியினர், 1870இல் முப்பதாயிரம் அளவுக்குக் குறைந்துவிட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். நோயும் பட்டினியும் மட்டும் இதற்குக் காரணமல்ல. அவர்களை வேட்டையாடப் புறப்பட்ட படைகளுக்கு அரசே பணம் கொடுத்தது. இது இனப்படுகொலைதான் என்று ஒப்புக்கொண்டு மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டது 2019இல்தான். பழைய பலகைகளில் பெரும்பாலானவை இதைப் பேசுவதில்லை. அவற்றை எழுதிய தலைமுறைக்குக் குடியேறி வந்தவர்களே முன்னோடிகள். அவர்களுக்கு முன் இருந்தவர்கள் அதன் கண்ணில் படவில்லை.

கொலோமாவில் இன்னொரு வாழ்க்கையும் புதைந்து கிடக்கிறது. நான்சி கூச் என்ற கறுப்பினப் பெண் 1849இல் அடிமையாக அங்கே கொண்டுவரப்பட்டார். மறு ஆண்டு கலிபோர்னியா அடிமைமுறை இல்லாத மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தபோது விடுதலை பெற்றார். துணி வெளுத்தும் சமைத்தும் காசு சேர்த்து, பிரிந்திருந்த தம் மகன் ஆண்ட்ரூ மன்றோவை மிசௌரியிலிருந்து வரவழைத்தார். பிற்காலத்தில் ஆலை நின்ற நிலம் அக்குடும்பத்தின் உடைமையாயிற்று. பொன் வேட்டையின் உண்மையான வெற்றிக் கதை எது என்று என்னைக் கேட்டால், மார்ஷலின் கதையைவிட இதையே முன்வைப்பேன்.

துவாலமி மாவட்டத்துச் சைனீஸ் கேம்ப் 423ஆம் எண் சின்னம். ஆயிரக்கணக்கான சீனர்கள் உழைத்த ஊர். அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் மீது மாநிலம் 1850இல் மாதம் 20 டாலர் வரி விதித்தது. அதை நீக்கியபின் 1852இல் 3 டாலராக மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை சுமை பெரும்பாலும் சீனர் தலையில் விழுந்தது. 2025 செப்டம்பரில் மின்னலால் மூண்ட காட்டுத்தீ அவ்வூரின் பல கட்டடங்களை எரித்துவிட்டது. எழுத்தில் பதியாத வரலாறு எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நெவாடா மாவட்டத்து மாலகாஃப் பள்ளத்துக்குப் பலகையே தேவையில்லை. பீரங்கி போன்ற குழாய்களில் நீரைப் பாய்ச்சி மலையையே கரைத்த இடம் அது. கரைந்த மண் ஆறுகளை மேடாக்கியது. கீழே மேரிஸ்வில் பக்கத்து வயல்கள் சேற்றில் மூழ்கின. அங்கே நிலம் வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், அம்மண்ணை ஆறுகளில் விட 1884இல் நீதிபதி லாரன்ஸோ சாயர் தடை விதித்தார். சுற்றுச்சூழலைக் காத்த அமெரிக்காவின் தொடக்ககாலத் தீர்ப்புகளில் அது ஒன்று.

பழைய பலகைகளைப் பெயர்த்தெறிய வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. தம் காலத்தவர் எதைப் பெருமையாகக் கருதினர் என்பதற்கு அவையும் ஆவணங்களே. அவற்றின் அருகிலேயே விடுபட்டவர்களின் வரலாற்றைச் சொல்லும் புதிய பலகைகளை நட வேண்டும். அவற்றின் வாசகத்தை நிசெனான் வழித்தோன்றல்களும் சீனக் குடும்பத்தினரும் உடனிருந்து எழுத வேண்டும். அவ்வழியே பயணம் செய்யும் வாசகர்கள், பலகையின் அடியில் நிறுவியவர் பெயரும் ஆண்டும் இருக்கும் வரியை முதலில் படித்துவிட்டு, பிறகு செய்தியைப் படிக்க வேண்டுகிறேன்.